வீட்டு உப்புநீர்த் தொட்டியில் மஷ்ரூம் பவளம்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உப்புநீர்த் தொட்டி வைத்து, மீன்களோடு நிறுத்திக்கொள்ளாமல் முதல் பவளத்தை வாங்கத் துணிபவர்களுக்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் கையில் எடுத்துக் கொடுப்பது மஷ்ரூம் பவளத்தைத்தான். சென்னையில் அடுக்குமாடி வீடொன்றின் வரவேற்பறையில் நூறு லிட்டர் தொட்டியில் ஆறு ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருகிறேன். தொட்டியைப் பார்க்க வருபவர்களும் புதிதாகத் தொடங்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மஷ்ரூம் பவளம் என்பது உண்மையில் பவளம்தானா?

முழுப் பொருளில் இல்லை. இது கோரலிமார்ஃப் என்னும் வரிசையைச் சேர்ந்தது. பாறைத்திட்டுகளைக் கட்டும் கல் பவளங்களுக்கு நெருங்கிய உறவு என்றாலும், இதற்குச் சுண்ணாம்பு எலும்புக்கூடு கிடையாது. பார்ப்பதற்குக் கடல் சாமந்தியை அமுக்கித் தட்டையாக்கியது போல இருக்கும். ஒரு வட்டத் தட்டு, அதன் நடுவில் ஒரு வாய், கீழே பாறையைப் பற்றிக்கொள்ளும் குட்டையான அடிப்பாகம்: உடல் அமைப்பு அவ்வளவுதான். அதன் திசுக்களுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்கே போய்ச் சேருகிறது. வெளிச்சம்தான் இதற்கு முதல் சாப்பாடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்களுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃபங்கியா என்னும் கல் பவளத்துக்கும் ‘மஷ்ரூம்’ என்ற பெயர் உண்டு. அது ஒட்டிக்கொள்ளாமல் மணலில் கிடக்கும். காளானின் அடிப்புறம் போன்ற மடிப்புகளுடன் கல்லாகவே இருக்கும். இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் அதற்குப் பொருந்தாது.

எந்த வகையில் தொடங்குவது நல்லது?

டிஸ்கோசோமாவில் தொடங்குங்கள். வழவழப்பான மேற்பரப்பு, சிவப்பு, நீலம், பச்சை என்று திடமான நிறங்கள், சில வேளைகளில் புள்ளிகள் அல்லது வரிகள். கொஞ்சம் அழுக்கான தண்ணீரையும் மங்கலான வெளிச்சத்தையும் இதைப் போலப் பொறுத்துக்கொள்ளும் பவளம் வேறொன்று இல்லை.

அடுத்தது ரோடாக்டிஸ். இதன் மேற்பரப்பு முழுக்க முடிமுடியாகவோ கொப்புளம் கொப்புளமாகவோ இருக்கும். சற்றுப் பெரிதாக வளரும். அக்கம்பக்கத்தில் இருப்பவற்றுக்குச் சற்று முரடான அண்டைவீட்டுக்காரர். ரிகார்டியா மூன்றில் அழகானது என்று சொல்வேன். இதில் கரீபியன் கடலிலும் ஃப்ளோரிடாவிலும் கிடைக்கும் ஃப்ளோரிடா இனம் உறுதியானது. இந்தோ-பசிபிக்கிலிருந்து வரும் யூமா இனமோ, கண்ணைப் பறிக்கும் நிறங்களோடு வந்து, பயணக் களைப்பு தீராமலேயே சில வாரங்களில் கரைந்துபோகும் வழக்கம் உள்ளது. முதல் ஆண்டில் யூமாவை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

யானைக்காது என்று விற்கப்படும் ஆம்ப்ளெக்ஸிடிஸ்கஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முப்பது சென்டிமீட்டருக்கு மேல் விரியக்கூடிய இது, தன் மேல் வந்து தங்கும் சிறு மீனைச் சுருக்குப்பை வாயை இழுப்பது போல ஓரங்களைக் கூட்டி மூடி விழுங்கிவிடும். கடைத்தொட்டியில் உள்ளங்கை அளவில் பழுப்பு நிறத்தில் கிடக்கும்போது மிகவும் சாதுவாகத்தான் தெரியும்.

மஷ்ரூம் பவளத்தை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளங்களும், கடல் விசிறிகளும் சேர்க்கப்பட்டன. ஆகவே மேலே சொன்ன ஃபங்கியா அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறது. அதை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோரலிமார்ஃப்கள் கல் பவள வரிசையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் ‘கல் பவளம் இல்லையே’ என்று சொல்லிக்கொண்டு கடலில் இறங்கி எடுத்துவர முடியாது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை இருபத்தொரு தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கிறது. அங்கிருந்து எந்த உயிரையும் எடுப்பது குற்றம். தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கப்பட்ட துண்டுகளை, ரசீது கொடுக்கும் கடையிலோ நெடுநாள் வளர்க்கும் நண்பரிடமோ வாங்குவதுதான் முறை. அப்படி வந்த துண்டுகள் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை என்பதால் உயிர் பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல்.

தொட்டி வைத்து எத்தனை நாளுக்குப் பின் முதல் மஷ்ரூமை வாங்கலாம்?

புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் நான் இன்னொரு மாதம் காத்திருக்கச் சொல்வேன். அந்த இடைவெளியில் பழுப்புப் பாசி வந்து கண்ணாடியை மூடும், நீங்கள் பதறுவீர்கள், பிறகு அதுவே போகும். பவளத்தை வைத்துக்கொண்டு பதறுவதைவிட வைப்பதற்கு முன்பே பதறி முடிப்பது நல்லது.

பெசன்ட் நகர் கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, கடல் தண்ணீரையே எடுத்து ஊற்றலாமா?

இந்தக் கேள்வி சென்னையில் தவறாமல் வரும். நகரத்தை ஒட்டிய கரையில் அடையாறும் கூவமும் கடலில் கலக்கின்றன. அவை கொண்டுவருவது என்ன என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. மேலும் வடகிழக்குப் பருவமழை நாட்களில் கரையோர நீரின் உப்பு கணிசமாகக் குறைந்துவிடும். ஆகவே கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடல் உப்புக் கலவையைத்தான் பயன்படுத்த வேண்டும். சமையல் உப்பு எந்த வகையிலும் உதவாது. கடல்நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் முதலியவை அதில் இல்லை.

உப்பைவிட, அதைக் கரைக்கும் தண்ணீர்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். போர்வெல் தண்ணீர் கடினமானது; லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது; மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் குடிநீருக்கான இயந்திரங்களில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பு இருப்பதுண்டு. அதை மூடிவிட்டு, மிச்சத் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரைக் கொண்டு கலவையைத் தயாரியுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 40 கிராம் வரை உப்பு பிடிக்கும். சரியான அளவை உப்புப் பையின் மேல் உள்ள குறிப்பையும், நீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்தெந்த அளவுகளைக் கவனிக்க வேண்டும்?

உப்புநீரின் அடர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்டு) 1.025, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைச் சமன்படுத்தும் திறன், 8 முதல் 10 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம். என்று வைத்துக்கொள்ளலாம். எலும்புக்கூடு கட்டாத உயிர் என்பதால் கால்சியத்தில் சிறிது ஏற்ற இறக்கம் இருந்தால் இது கண்டுகொள்வதில்லை. மஷ்ரூம் மட்டும் வளர்ப்பவர் திரவ மருந்து போலக் கால்சியக் குப்பிகளை வாங்கி அடுக்குவது வீண் செலவு. பத்து நாளுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு தண்ணீர் மாற்றினால் போதும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பற்றித்தான். புதியவர்கள் இவ்விரண்டையும் நஞ்சு என்றே நினைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் பெரிய ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சி, நாளுக்கு ஒரு சிட்டிகை மட்டுமே மீன் உணவு என்று தொட்டியைக் கழுவித் துடைத்த பாத்திரம் போல ஆக்கிவிட்டு, மஷ்ரூம் ஏன் நாளுக்கு நாள் சுருங்குகிறது என்று கேட்கிறார்கள். பசிதான் காரணம். நைட்ரேட் 5 முதல் 20 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கட்டும். என் தொட்டியில் நைட்ரேட் 15-ஐத் தொட்டுக்கொண்டிருந்த மாதங்களில்தான் இவை தட்டுத் தட்டாக விரிந்து கிடந்தன.

சென்னை வெயிலிலும் மின்வெட்டிலும் எப்படிச் சமாளிப்பது?

மே மாதத்தில் மூடிய வீட்டுக்குள் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போவது சாதாரணம். டிஸ்கோசோமா சில நாட்கள் தாங்கும்; வாரக்கணக்கில் தாங்காது. வசதி உள்ளவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவர்கள் தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நீர் ஆவியாவதால்தான் அந்தக் குளிர்ச்சி கிடைக்கிறது. என் நூறு லிட்டர் தொட்டியில் விசிறி ஓடும் நாட்களில் தினம் ஒன்றரை லிட்டர் வரை வற்றிவிடும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே வற்றிய அளவுக்கு உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றி ஊற்றி ஒரு மாதத்தில் அடர்த்தியை 1.030-க்குக் கொண்டுபோனவர்களை நான் அறிவேன்.

மின்வெட்டில் முதலில் குறைவது ஆக்சிஜன். முதலில் துன்பப்படுவது மீன். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கரை மட்டும் அதன் இணைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விளக்கு நான்கைந்து மணி நேரம் எரியாவிட்டால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது.

எங்கே வைப்பது, எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நீரோட்டம்?

தொட்டியின் அடிப்பகுதியில், வேவ்மேக்கர் நேரே அடிக்காத ஓரத்தில், விளக்கின் நேர்க்கீழே இல்லாத இடத்தில் வையுங்கள். வெளிச்சத்தை ‘பார்’ (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி) மீட்டரால் அளப்பவர்களுக்கு டிஸ்கோசோமாவுக்கு 50-ஐ ஒட்டியும், ரிகார்டியாவுக்கு 100-ஐ ஒட்டியும் என்று சொல்லலாம். மீட்டர் இல்லாதவர்கள் பவளத்தையே மீட்டராகக் கொள்ளலாம். வெளிச்சம் குறைந்தால் தட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக, மெலிதாக விரிந்து, கிண்ணம் போலவோ புனல் போலவோ விளக்கை நோக்கி எழும்பும். மிகுந்தால் ஓரங்கள் கீழே மடங்கி, தட்டு சிறுத்து, நிறம் வெளிறும். வாங்கிய புதிதில் விளக்கின் திறனை வழக்கத்தில் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள்.

நீரோட்டத்துக்குக் கணக்குத் தேவையில்லை. தட்டின் ஓரம் இலேசாக அசைந்தால் போதும். படபடவென்று அடித்துக்கொண்டால் அதிகம்.

ஓரிடத்தில் வைத்த பிறகு இரண்டு வாரங்களுக்காவது அதைத் தொடாதீர்கள். காலையில் இடப்பக்கம், மாலையில் வலப்பக்கம் என்று நகர்த்திக்கொண்டே இருப்பவர்களின் தொட்டியில்தான் மஷ்ரூம் விரிவதே இல்லை.

கடையிலிருந்து கொண்டுவந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பையை மூடியபடியே தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து, மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் சேருங்கள். அதன்பின் பவளங்களுக்கென்று விற்கப்படும் கழுவு திரவத்தில், குப்பியில் சொன்ன அளவுக்கும் நேரத்துக்கும் மிகாமல், நனைத்து எடுங்கள். பையில் வந்த நீரைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது.

மஷ்ரூம் ஒட்டியிருக்கும் கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல, மெல்லிய கைகளுடன் சின்னஞ்சிறு பனைமரம் நிற்பது போல ஏதாவது தெரிந்தால் அது அய்ப்டேசியா, தொட்டியில் களை போலப் பரவும் ஒரு கடல் சாமந்தி. ஒன்று உள்ளே போனால் ஆறு மாதத்தில் ஐம்பது ஆகும். அந்தக் கல் பகுதியை உடைத்து எறிந்துவிட்டு மீதியை மட்டும் வையுங்கள்.

மஷ்ரூம் பாறையைவிட்டுக் கழன்று மிதக்கிறது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இடம் பிடிக்காவிட்டால் இது தானாகவே கழன்றுகொண்டு நீரோட்டத்தில் போய் வேறிடம் தேடும். ஆபத்து அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. என்னுடைய முதல் ரோடாக்டிஸ், பச்சை நிறம், தோசைக்கல் கரண்டியின் அகலம், ஒருநாள் இரவு கழன்று வேவ்மேக்கரின் சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. காலையில் தண்ணீர் மோர் கரைத்தது போல வெண்மையாக இருந்தது; பாதி உடல் கோழையாகச் சல்லடைக்குள் இழுபட்டிருந்தது. பம்பை நிறுத்தி, மெல்லப் பிரித்தெடுத்து, உடனே முப்பது லிட்டர் தண்ணீரை மாற்றி, நீரிலுள்ள நச்சுகளை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் போட்டேன். மீந்த மூன்று கிழிசல்களையும் எறிய மனம் வராமல் ஒரு தயிர் டப்பாவில் கல்துண்டுகளுக்கு நடுவே போட்டு வைத்தேன். மூன்றில் இரண்டு, ஒரு மாதத்துக்குள் தனித்தனி மஷ்ரூம்களாகிவிட்டன. கார்பன் பையும் உதிரித் தயிர் டப்பாவும் அன்றிலிருந்து என் தொட்டியின் கீழ் அலமாரியில் நிரந்தரமாக இருக்கின்றன.

அதே முறைதான் உங்களுக்கும். உயரமான சுவர் உள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் பொடிக்கல்லைப் பரப்பி, கழன்ற மஷ்ரூமை அதன்மேல் வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, டப்பாவின் திறப்பைக் கொசுவலைத் துணியால் மூடி ரப்பர் வளையம் போட்டு, நீரோட்டம் குறைந்த மூலையில் இறக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஏதாவதொரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கல்லைப் பசையால் வேண்டிய இடத்தில் ஒட்டலாம். மஷ்ரூமையே நேரடியாகப் பசையால் ஒட்ட முயலாதீர்கள்; கோழையைச் சுரந்து பசையை உரித்துக்கொண்டு மறுபடியும் கிளம்பிவிடும்.

உணவு போட வேண்டுமா?

கட்டாயமில்லை. மீனுக்குப் போடுவதில் சிந்துவதும் வெளிச்சமும் டிஸ்கோசோமாவுக்குப் போதும். ரோடாக்டிஸும் ரிகார்டியாவும் வாரம் ஒருமுறை ஓர் உறைந்த மைசிஸ் இறாலை வாங்கிக்கொள்ளும்; பம்பை நிறுத்திவிட்டு நீண்ட குழாயால் வாயருகே வையுங்கள். துண்டு வாயைவிடப் பெரிதாக இருந்தால் பாதி செரித்துத் துப்பிவிடும், அது தண்ணீரைத்தான் கெடுக்கும்.

திடீரென்று சுருங்கிக் கிடக்கிறது, வாயிலிருந்து நூல் போல வருகிறது. என்ன நோய்?

நாளின் சில வேளைகளிலும் இரவிலும் சுருங்குவது இயல்பு. வாயிலிருந்து பழுப்புக் கோழை எப்போதாவது வந்தால் அது கழிவு, அல்லது தேவைக்கு மிஞ்சிய பாசி. வெள்ளை நூல்கள் வந்தால், அது குடலுக்குள் செரிமானத்துக்குப் பயன்படும் இழைகளை வெளியே நீட்டுகிறது என்று பொருள். எதையோ தாக்குகிறது, அல்லது எதனாலோ துன்பப்படுகிறது. முதலில் உப்பு அடர்த்தியைப் பாருங்கள், அடுத்து வெப்பத்தைப் பாருங்கள், பிறகு இரவில் டார்ச் அடித்து நண்டோ புழுவோ அதைக் கடிக்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசையில் தேடினால் பத்தில் எட்டுத் தடவை எனக்கு விடை கிடைத்திருக்கிறது. உடல் உருகி, முட்டை அழுகிய நாற்றம் வந்தால் மட்டும் தயங்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

எந்த மீன்களோடும் பவளங்களோடும் வைக்கலாம்?

க்ளவுன் மீன், கோபி, ப்ளென்னி முதலியவை தொந்தரவு தருவதில்லை. கடல் சாமந்தி கிடைக்காத க்ளவுன் ரோடாக்டிஸுக்குள் குடியேறிவிடுவதுண்டு. அழகாக இருக்கும், ஆனால் ஓயாத உரசலில் மஷ்ரூம் சுருங்கியே கிடக்கலாம். ஏஞ்சல் மீன்களை நம்ப முடியாது.

மற்றப் பவளங்களோடு மஷ்ரூம் சத்தமில்லாமல் சண்டை போடும். தொட்டால் எரிக்கும், தொடாமலும் தண்ணீரில் வேதிப்பொருட்களை விட்டு அண்டையவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். நான்கு விரல் இடைவெளி விடுங்கள், மாதம் ஒருமுறை கார்பனை மாற்றுங்கள்.

வெட்டிப் பெருக்கலாமா?

தானாகவே பெருகும். பாறையில் நகரும்போது அடிப்பாகத்தின் துணுக்குகளை விட்டுச் செல்லும், அவை குட்டிகளாகும். சில, நடுவில் பிளந்து இரண்டாகும். வெட்ட விரும்பினால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, புதுப் பிளேடால் தட்டை வாய் வழியாக இரண்டாக அறுத்து, இரண்டையும் மேலே சொன்ன டப்பாவில் இடுங்கள். கோழையும் நாற்றமும் வரும், அதனால் இதைத் தொட்டிக்குள் செய்யாதீர்கள். கடும் நஞ்சான பாலிடாக்ஸின் மஷ்ரூமில் உள்ளது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சோவாந்திட் என்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்த உயிர்களோடு, குறிப்பாகப் பாலிதோவாவோடு, தொடர்புடையது. ஆனால் புதியவர் தொட்டியில் இரண்டும் ஒரே கல்லில் இருப்பது வழக்கம் என்பதால் கையுறையை விட்டுவிட வேண்டாம்.

தொட்டி முழுக்கப் பரவிவிடும் என்கிறார்களே, மெய்யா?

மெய். பசிபிக் நடுவே பால்மைரா என்றொரு பவளத்தீவு இருக்கிறது. 1991இல் அங்கே ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டி உடைந்தது. அதைச் சுற்றி ரோடாக்டிஸ் இனம் ஒன்று கம்பளம் விரித்தது போலப் பரவி, இருந்த பவளங்களை மூடிவிட்டது. கப்பலுக்கு அருகில் மிக நெருக்கமாகவும், விலக விலகக் குறைவாகவும் அது இருந்ததை 2008இல் வெளிவந்த ஆய்வொன்று பதிவு செய்தது. துருப்பிடித்த இரும்பு அதற்கு ஊட்டமாக அமைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம். கடைசியில் கப்பலையே அகற்ற வேண்டியதாயிற்று. உங்கள் தொட்டிக்குள் துருப்பிடித்த காந்தமோ திருகாணியோ கிடந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பவளத்துக்காக இல்லாவிட்டாலும் மீனுக்காக.

நான் செய்வது இதுதான்: மஷ்ரூம் கல்லைப் பிரதானப் பாறைக் குவியலில் சாய்த்து வைப்பதே இல்லை. நாற்புறமும் மணல் சூழ, தனித்தீவாக வைக்கிறேன். மணலில் இவற்றால் காலூன்ற முடியாது. அப்படியும் ஒரு குட்டி தாண்டிப் போய்ப் பாறையில் ஒட்டிக்கொண்டால் பிளேடால் சுரண்டக் கூடாது. மிச்சமிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். அந்தக் கல்லின் மேல்தோலோடு சேர்த்து உளியால் பெயர்த்தெடுங்கள். பெயர்க்க முடியாத இடமென்றால் இருகூறு எபாக்ஸிப் பசையைக் களிமண் போலப் பிசைந்து, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் அதன்மேல் அப்பி மூடிவிடுங்கள். பெயர்த்ததை எறிய வேண்டியதில்லை, புதிதாகத் தொட்டி வைப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். என் தொட்டியிலிருந்து இதுவரை பதினேழு கற்கள் அப்படித்தான் தயிர் டப்பாவில் ஏறிப் போயிருக்கின்றன.